வென்றதை ஏன் விட்டார்?



வாத்தியாரை மடக்குவதற்குப் பெரிய கேள்வி ஒன்றும் வேண்டியதில்லை. சின்னக் கேள்வியே போதும். நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டு அது. பொள்ளாச்சிக்கு அடுத்த ஓர் ஊரில் தலைமையாசிரியனாக இருந்தேன். அலுவல்கள் எத்தனை இருந்தாலும் பத்தாம் வகுப்புச் சரித்திரத்தை மட்டும் நான் பிறரிடம் விட்டதில்லை. அன்று மைசூர் யுத்தங்கள் பாடம். புத்தகத்தில் சில வரிகளில் ஓடிப்போகிற விஷயந்தான். ஆனாலும் நம் ஊர்ப் பக்கமாகப் படை போன கதையாயிற்றே என்று சற்று விரித்துச் சொன்னேன். கர்னல் புல்லர்ட்டன் என்ற கும்பெனித் தளபதி 1783 நவம்பரில் பாலக்காட்டுக் கோட்டையைப் பிடித்தார். அந்த மாதம் முடிவதற்குள் கோயமுத்தூரும் அவர் கைக்கு வந்தது. பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிப் போனார் என்று சொல்லி முடித்தேன்.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

“ஜெயிச்சவரு ஏனுங்க ஐயா திருப்பிக் குடுத்தாரு?”

“மேலிடத்து உத்தரவு அம்மா, உட்கார்” என்றேன். மணியும் அடித்தது. மணி அடித்ததில் மாணவர்களைவிட எனக்குத்தான் அன்று மகிழ்ச்சி அதிகம். உத்தரவு என்பது ஒரு செயலுக்குக் காரணமாகாது, அந்த உத்தரவுக்கு என்ன காரணம் என்று சொன்னால்தான் அது சரித்திரம் என்று ஆசிரியப் பயிற்சியில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை மற்றவர்களுக்கு நானே பலமுறை சொல்லியும் இருக்கிறேன்.

அந்தப் பெண் பிறகு பட்டம் பெற்றாள். தில்லியில் சர்வதேச உறவுகள் பற்றிய முதுகலை வகுப்பில் சேர விரும்பி, விண்ணப்பத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். தூது, பொருளாதாரத் தடை, போர் ஆகிய மூன்றையும் அங்கே பாடமாகக் கற்பிக்கிறார்கள். 1955-இல் இதற்கென்றே தில்லியில் ஒரு கலாசாலை தொடங்கி, 1970-இல் அது ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அவளுடன் வந்த தகப்பனாருக்கு இதொன்றும் பிடிக்கவில்லை. அவர் தென்னந்தோப்பு உடையவர். கொப்பரை வியாபாரமும் செய்பவர். “ஏனுங்க சார், சண்டையையும் சமாதானத்தையும் ரெண்டு வருஷம் படிச்சு என்னங்க பண்றது? பேசாம பி.எட். படிச்சா உங்களாட்ட வாத்தியார் ஆயிடலாமுங்களே” என்றார்.

நான் அவருடைய கொப்பரையிலிருந்தே தொடங்கினேன். 2019-இல் மலேசியப் பிரதமர் மகாதீர் ஐக்கிய நாடுகள் சபையில் காஷ்மீரைப் பற்றி நம் அரசுக்குக் கசப்பான வார்த்தை பேசினார். 2020 ஜனவரியில் சுத்திகரித்த பாமாயில் இறக்குமதியை நம் அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. எந்த ஒரு நாட்டையும் குறித்துச் செய்ததல்ல என்றுதான் சொல்லப்பட்டது. ஆனால் அடி யார்மேல் விழுந்தது என்பது எண்ணெய் வியாபாரிகள் எல்லோருக்கும் தெரியும். “உங்கள் கொப்பரைக்குப் போட்டியான எண்ணெய் கப்பலேறுவதும் ஏறாததும் எங்கோ நியூயார்க்கில் பேசிய ஒரு பேச்சைப் பொறுத்திருக்கிறதே, அதைத்தான் உங்கள் மகள் படிக்கப் போகிறாள்” என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். நானும் யோசித்தேன். அவள் அன்று கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லையே!

அந்தப் பாக்கியைத்தான் இன்று வானொலி வழியாகத் தீர்க்க முயல்கிறேன்.

முதலில் நம் நிலத்தைப் பாருங்கள். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இடையில் மேற்குத் தொடர்ச்சி மலை சட்டென்று தாழ்ந்து ஒரு வாசல் விடுகிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். கொங்கு நாட்டுத் தானியமும் மாடும் மேற்கே போவதற்கும், மலையாளத்து மிளகும் தேங்காயும் கிழக்கே வருவதற்கும் அதுவே வழி. வண்டி போகிற வழியில் பீரங்கியும் போகும். ஆகையால்தான் ஹைதர் அலி 1766-இல் பாலக்காட்டில் கருங்கல் கோட்டை கட்டினார்.

இரண்டாம் மைசூர் யுத்தம் 1780-இல் தொடங்கியது. 1782 டிசம்பரில் ஹைதர் காலமானார். மகன் திப்பு சுல்தான் பட்டத்துக்கு வந்து, 1783-இல் மங்களூரை முற்றுகையிட்டார். பிரெஞ்சுச் சிப்பாய்களும் அவரோடு நின்றார்கள். அப்போது ஐரோப்பாவிலிருந்து ஒரு செய்தி வந்து சேர்ந்தது. இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானம் செய்துகொண்டன! மறுகணம் பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகையை விட்டு விலகி நின்றார்கள். பல்லாயிரம் மைலுக்கு அப்பால் போட்ட கையெழுத்து மங்களூர்க் கோட்டை மதில் அடியில் ஒரு படையையே கலைத்தது. ஆகஸ்டு 2-ஆம் தேதி போர் நிறுத்தம் ஆயிற்று.

ஆயிற்று என்று சொல்கிறேனே தவிர, நின்றது பாதிதான். மங்களூர்க் கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு ஒப்புக்கொண்டபடி உணவு போகவில்லை என்று கும்பெனியார் குறை சொன்னார்கள். போர் நிறுத்தத்தின்போதே கும்பெனிப் படை ஊர்களைப் பிடிக்கிறது என்று திப்பு குறை சொன்னார். இரண்டு குறையிலும் உண்மை இல்லாமல் இல்லை.

அந்தப் படைதான் புல்லர்ட்டனுடையது. 1783 மே மாதம் திண்டுக்கல், ஜூனில் தாராபுரம், பிறகு தெற்கே திரும்பிப் பாஞ்சாலங்குறிச்சி, மறுபடி வடக்கே பழனி, உடுமலை, ஆனைமலை. ஐப்பசி மாதத்து ஆனைமலையை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாள் கணக்கில் மழை. மரத்தை வெட்டி, பள்ளத்தை நிரவி, பீரங்கியை இழுத்துக்கொண்டு அந்தப் படை காட்டைக் கடந்தது. எதற்காக இவ்வளவு பாடு? படை நடப்பது வயிற்றால். சீரங்கப்பட்டணத்தைப் பிடிக்க வேண்டுமானால் பின்னால் தானியமும் எருதும் கிடைக்கும் ஒரு நாடு வேண்டும்; அந்த நாடு கொங்கு என்று புல்லர்ட்டன் கண்டுகொண்டார். நவம்பர் நடுவில் கொட்டும் மழையைச் சாதகமாக்கிக்கொண்டு அவருடைய ஆட்கள் பாலக்காட்டுக் கோட்டையின் வாசல்களுக்குள் புகுந்தார்கள். கோட்டைக்குள்ளே தானியமும் வெடிமருந்தும் நிரம்பிக் கிடந்தன. மாதக் கடைசியில் கோயமுத்தூர் பணிந்தது. இனிக் கஜலெட்டிக் கணவாய் ஏறினால் மைசூர்ச் சீமை.

அங்கேதான் நிறுத்து என்று உத்தரவு வந்தது.

கொஞ்சம் தேதிகளைக் கவனியுங்கள். சென்னைக் கவர்னர் மக்கார்ட்னி பிரபு சமாதானம் பேச அனுப்பிய தூதர்கள், சாட்லியர், ஸ்டாண்டன் என்ற இருவர், சென்னையிலிருந்து புறப்பட்டது நவம்பர் 9. அடுத்த சில நாட்களில்தான் பாலக்காடு விழுந்தது. அதாவது பல்லக்கு ஒரு பக்கமும் பீரங்கி ஒரு பக்கமும் ஒரே மாதத்தில் நடக்கின்றன. முதலில் பேச்சு, பேச்சுத் தோற்றால் கடையடைப்பு, அதுவும் தோற்றால் கத்தி என்று படிக்கட்டுபோல வரிசையாக இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். நானும் வகுப்பில் அப்படியே சொல்லியிருக்கிறேன். அது தவறு. மூன்றும் ஒரே வண்டியில் பூட்டிய மாடுகள். ஆனால் மூக்கணாங்கயிறு ஒருவர் கையிலேயே இருப்பதில்லை.

தூதர்கள் வழியில் தங்களுக்குள்ளேயே சண்டையிட்டுக்கொண்டார்கள். சண்டை எதைப் பற்றி? எது முதலில் என்பதைப் பற்றி. திப்புவின் சிறைகளில் கும்பெனியின் சிப்பாய்களும் அதிகாரிகளும் வருஷக் கணக்காகக் கிடந்தார்கள். பிடித்த ஊர்களைத் திருப்பிக் கொடுத்தால் திப்பு நம்பிக்கை கொண்டு கைதிகளை விடுவார் என்றார் ஒருவர். கைதிகள் வந்து சேரும்வரை பாலக்காட்டை விடக்கூடாது என்றார் ஸ்டாண்டன். இருவரும் இரண்டு பக்கம் இழுத்தால் முடிவு எப்படி வரும்? ஹடில்ஸ்டன் என்ற மூன்றாமவரை அனுப்பிப் பெரும்பான்மை உண்டாக்க வேண்டியதாயிற்று. புல்லர்ட்டனுக்கு முதலில் ‘பின்வாங்கு’ என்று ஓலை. மனமில்லாமல் பின்வாங்கினார். பிறகு ‘நில்’ என்று வேறோர் ஓலை. அதற்குள் பாலக்காடு கைமாறிவிட்டது. மங்களூர்க் கோட்டையும் 1784 ஜனவரி கடைசியில் பட்டினியால் பணிந்தது. மார்ச் 11-ஆம் தேதி மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று: அவரவர் பிடித்ததை அவரவர் திருப்பித் தருவது, கைதிகளை விடுவது, ஹைதர் காலத்தில் கும்பெனிக்குத் தந்த வணிக உரிமைகளைப் புதுப்பிப்பது.

தூதர் என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். தஞ்சையிலும் திருச்சியிலும் வாழ்ந்த சுவார்ட்ஸ் பாதிரியார் நன்றாகத் தமிழ் பேசுவார். 1779-இல் சென்னைக் கவர்னருக்காக ஹைதரிடம் தூது போனவர் அவர். 1783-இல் மறுபடி அவரைப் போகச் சொன்னார்கள். இந்தத் தடவை சத்தியமங்கலத்துக்கு மேலே திப்புவின் ஆட்கள் அவரை விடவில்லை. நல்ல தூதன் ஒருவன் இருந்தும், அவனை உள்ளே விடுவதா என்பது எதிரியின் விருப்பம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஒளவை தூது போனாள் என்று பெருமையாகச் சொல்கிறோம். தொண்டைமான் வாசலைத் திறந்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, கேள்விக்கு வருவோம். ஏன் விட்டார்? சென்னையில் கும்பெனிக் கஜானா வறண்டிருந்தது. படைக்குச் சம்பளம் பாக்கி. கர்நாடகச் சீமை பஞ்சத்தில் கிடந்தது. சீரங்கப்பட்டணத்துக் கைதிகள் திப்புவின் கையில் ஒரு பிணைபோல் இருந்தார்கள். வென்ற தளபதியின் கண்ணுக்குக் கோயமுத்தூர்ச் சோளமும் எருதும் தெரிந்தன. சென்னையில் இருந்தவர்களின் கண்ணுக்குக் காலிப் பெட்டி தெரிந்தது. ஆங்கிலேயர் எழுதிய பழைய புத்தகங்கள் பலவும் இந்த உடன்படிக்கையை அவமானம் என்றே திட்டும். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸுக்கும் இது பிடிக்கவில்லை. நானும் அந்தப் பேச்சையே வகுப்பில் ஒப்பித்தவன். இப்போது அப்படி நினைக்கவில்லை. திருப்பிக் கொடுத்தது தவறன்று. கைதிகள் வருவதற்கு முன்னே கொடுத்ததுதான் தவறு. ஸ்டாண்டன் சொன்னதே சரி.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2015-இல் வியன்னா நகரில் ஈரானோடு வல்லரசுகள் செய்துகொண்ட அணுசக்தி உடன்பாட்டிலும் இழுபறியான கேள்விகளில் ஒன்று இதுவே: தடைகள் முதலில் விலகுமா, அணு உலைக் கட்டுப்பாடு முதலில் நடக்குமா? சர்வதேச அணுசக்தி முகமை சோதித்துச் சான்று சொன்ன பிறகு, 2016 ஜனவரியில்தான் தடைகள் விலகின. அவ்வளவு கவனமாக வரிசைப்படுத்தியும் 2018 மே மாதம் அமெரிக்கா விலகிக்கொண்டது என்பது வேறு விஷயம்.

இனிப் பொருளாதாரத் தடை. முற்றுகையும் தடையும் நமக்குப் புதியவை அல்ல. பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் சூழ்ந்துகொண்ட கதையைச் சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறீர்கள். உழவர் உழாமலே மூங்கில் நெல்லும் பலாவும் கிழங்கும் தேனும் மலையில் விளையும்போது, கீழே காவல் போட்டு என்ன பயன் என்பது கபிலர் வாதம். தடை விதிப்பவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டுவிட்டார்: எதிரிக்கு வேறு வழி இருக்கிறதா?

மங்களூர் உடன்படிக்கைக்குப் பிறகு திப்புவால் தனியாகப் போர் தொடுக்க முடியாது. பிரெஞ்சுக்காரரும் இல்லை. ஆனால் மலபார்க் கரையில் மிளகு இருந்தது. கும்பெனியார் தலைச்சேரியில் கோட்டை வைத்திருந்தது மிளகுக்காகத்தானே! 1785 முதல் மிளகு, சந்தனம், ஏலம் ஆகியவற்றைத் தம் துறைமுகங்கள் வழியாக ஏற்றுமதி செய்வதைத் திப்பு தடுத்தார். பிறகு ஆங்கிலேயரோடு வணிகமே கூடாது என்று இறுக்கினார். சும்மா தடுத்ததோடு நிற்கவில்லை. அரசாங்கமே வணிகம் செய்யக் கோட்டிகள் திறந்தார். அரபு நாட்டு மஸ்கட் துறைமுகத்தில் ஒரு வணிக நிலையம் வைத்தார். 1786-இல் துருக்கி சுல்தானுக்கும், அடுத்த ஆண்டு பிரெஞ்சு மன்னருக்கும் தூதர்களை அனுப்பினார். அந்தக் காலத்து இந்திய அரசர்களில் இவ்வளவு தூரம் யோசித்தவர் வேறு யார்? இந்தத் தடையை வெறும் பகைமை என்று தள்ளுவோர் அவருடைய புத்தியைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

ஆனால் தடையில் ஓர் ஓட்டை இருந்தது. அதன் பெயர் திருவிதாங்கூர். அங்கே மிளகு அரசரின் ஏகபோகம். அரசர் கும்பெனிக்கு நண்பர். திப்பு அடைத்த மிளகு தெற்கே கிடைத்துக்கொண்டே இருந்தது. 1935-இல் அபிசீனியாமேல் இத்தாலி பாய்ந்தபோது, சர்வதேச சங்கம் இத்தாலிமேல் தடை விதித்தது. ஆனால் பெட்ரோலியத்தைப் பட்டியலில் சேர்க்கவில்லை, சூயஸ் கால்வாயை மூடவில்லை. 1936 மே மாதத்தில் அபிசீனியத் தலைநகர் விழுந்தது. ஓட்டைப் பாத்திரத்தில் எவ்வளவு ஊற்றினால் என்ன?

திப்பு ஓட்டையை அடைக்கப் புறப்பட்டார். 1789-இல் கொடுங்கல்லூர்க் கோட்டையையும் ஆயக்கோட்டையையும் டச்சுக்காரரிடமிருந்து திருவிதாங்கூர் விலைக்கு வாங்கியது. கொச்சி அரசர் தமக்குக் கப்பம் கட்டுபவர், அவருடைய மண்ணில் உள்ள கோட்டையை விற்க டச்சுக்காரர் யார் என்று திப்பு கேட்டார். இது அசட்டுக் கேள்வி அன்று. சட்டத்தில் அவருக்கும் இடம் இருந்தது. கோயமுத்தூருக்கு வந்து தங்கி, பாலக்காட்டுக் கணவாய் வழியே இறங்கி, அந்த ஆண்டு டிசம்பர் 29-இல் நெடுங்கோட்டையைத் தாக்கினார். மிளகு மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மிளகை எடுத்துவிட்டால் அந்தக் கதை எனக்கு விளங்கவே மாட்டேன் என்கிறது.

அதன் பிறகு கும்பெனியார் தூது வேலையில் திப்புவை முந்திவிட்டார்கள். 1790 ஜூனில் மராட்டியரோடும் ஜூலையில் நிஜாமோடும் ஒப்பந்தம். அதே ஜூலையில் கோயமுத்தூர், செப்டம்பரில் பாலக்காடு. 1791 நவம்பரில் திப்புவின் தளபதி கமருதீன் கான் கோயமுத்தூரைத் திரும்பப் பிடித்தார். கோட்டையைக் காத்த சால்மர்ஸ் என்ற இளம் அதிகாரி, தம் ஆட்களைப் பாலக்காட்டுக்குப் போகவிட வேண்டும் என்ற நிபந்தனையின்மேல் பணிந்தார். அந்த நிபந்தனையைத் திப்பு ஏற்கவில்லை. சால்மர்ஸ் சீரங்கப்பட்டணத்துச் சிறைக்குப் போனார். சில மாதத்தில் சீரங்கப்பட்டணத்தையே பகைவர் சூழ்ந்தபோது, காரன்வாலிஸ் பிரபுவிடம் சமாதானக் கடிதம் கொண்டுபோகத் திப்பு தேர்ந்தெடுத்தது யாரை? அதே சால்மர்ஸைத்தான்! வாக்கு மீறிப் பிடித்துவைத்த கைதியின் கையிலேயே ‘என் வாக்கை நம்பு’ என்ற கடிதம். 1792 மார்ச்சில் ஏற்பட்ட உடன்படிக்கையில் திப்புவுக்குப் பாதி ராஜ்யம் போயிற்று. மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தண்டம். பிணையாக இளம் பிள்ளைகள் இருவர். இந்தத் தடவை வரிசை மாறவில்லை பாருங்கள். பிள்ளைகள் முதலில் வந்தார்கள். தண்டம் கட்டி முடித்து, 1794-இல்தான் திரும்பினார்கள். குழந்தைகளைப் பிணை வைத்ததை என்னால் மெச்ச முடியாது. ஆனால் மங்களூரில் செய்த பிழையைக் கும்பெனியார் எட்டே ஆண்டில் படித்துக்கொண்டார்கள் என்பதை மறுக்கவும் முடியாது.

பாலக்காடு கும்பெனிக்கு, கோயமுத்தூர் திப்புவுக்கு. ஆக 1792 முதல் 1799 வரை இரண்டு ராஜ்யங்களின் எல்லை நம் பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே போயிற்று. கோபாலபுரத்தைத் தாண்டிக் கேரளத்துக்குள் போகும்போது நான் இதை நினைத்துக்கொள்வதுண்டு. 1799 மே 4-இல் திப்பு மடிந்த பிறகு கோயமுத்தூரும் கும்பெனிக்குப் போயிற்று. அடுத்த ஆண்டே, வென்ற நாட்டில் என்ன விளைகிறது, யார் என்ன வரி கட்டுகிறார் என்று எழுதிவைக்க புக்கானன் என்ற வைத்தியர் வந்தார். பொள்ளாச்சிக்கும் ஆனைமலைக்கும் வந்தார். அகஸ்டஸ், திபேரியஸ் என்ற ரோம மன்னர்களின் வெள்ளிக் காசுகள் பொள்ளாச்சியில் ஒரு பானையில் கிடைத்ததை அவர் குறித்துவைத்திருக்கிறார். மிளகுக்கு ஆசைப்பட்டுக் கடல் கடந்தவர்கள் திப்புவுக்கு ஆயிரத்தெழுநூறு ஆண்டு முன்பே இருந்தார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அந்தப் பெண் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டாள். “மிளகு வாங்குறவங்களையும் விக்க விடாதவங்களையும் சொன்னீங்க. கொடி வெச்சிருந்தவங்க அத்தனை வருஷமும் என்னங்க ஐயா பண்ணியிருப்பாங்க?” என்றாள். தகப்பனார் உடனே, “கொப்பரை விலை விழுந்தா நாம என்ன பண்றோம்? கடன் வாங்கறோம்” என்றார். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் அவர்தான்.

இப்போது அவள் தில்லியில் இரண்டாம் ஆண்டு. சென்ற மாதம் கடிதம் வந்தது. மலபார் மிளகுத் தடையையே ஆய்வுக் கட்டுரைக்கு எடுத்திருக்கிறாளாம். விடுமுறையில் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கும்பெனிக் காலத்துக் கடிதங்களைப் பார்க்க வேண்டும், அந்தப் பழைய கையெழுத்தைப் படிக்கத் துணைக்கு வருவீர்களா என்று கேட்டிருக்கிறாள். கண்ணாடியை மாற்றிக்கொண்டு, ரயிலுக்கும் முன்பதிவு செய்துவிட்டேன்.